வீட்டு வாசலில் கார் வர என்ன போடுவது? டெல்டா மண்ணுக்கு ஓர் ஒப்பீடு

ஆவணி பிறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். வாசலில் தண்ணீர் நிற்கிறது, கார் சேற்றில் இறங்குகிறது, மழைக்கு முன்னால் ஏதாவது போட்டுவிட வேண்டும், சிமெண்டா பேவர் பிளாக்கா என்று கேட்பார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் முப்பது வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன் என்பதால் உறவிலும் ஊரிலும் இந்தக் கேள்வி என் தலையில்தான் விழும்.

இந்த வருடம் முதல் அழைப்பு டொராண்டோவிலிருந்து வந்தது. அண்ணன் மகன் அங்கே வீடு வாங்கியிருக்கிறான். வாசலில் விழும் பனியை வாரிக் கொட்டி முதுகு ஒடிந்துவிட்டதாம். கார்ப்பாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கலாமா என்று யோசிக்கிறான். கான்கிரீட்டுக்குள் ஏறத்தாழ ஓரடி இடைவெளியில் வளைத்து வளைத்து நெகிழிக் குழாய் ஓடும். உறைந்துவிடாமலிருக்க கிளைகோல் கலந்த நீரைக் கொதிகலன் சூடாக்கி அதற்குள் சுற்றவிடும். ஈரத்தையும் குளிரையும் உணரும் கருவி ஒன்று அதை இயக்கும், நிறுத்தும். சூடு மண்ணுக்குள் இறங்கி வீணாகாமல் அடியில் வெப்பத்தடுப்புப் பலகை வேறு. போட்ட தளத்துக்குக் கீழே பிறகு நுழைக்க முடியாது. உடைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

"அதெல்லாம் பணத்தோடு முடிந்துவிடும் சித்தப்பா. உருகிய தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்யச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் அது ஓரத்தில் தேங்கி மறுபடியும் உறைந்து, ஆளை வழுக்கிவிடுமாம்" என்றான். அதே மூச்சில், "ஊரில் அப்பா வீட்டு வாசலுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்றான். அவனுடைய பனிக்கும் நம்முடைய ஐப்பசிக்கும் கேள்வி ஒன்றுதான். மேலே எதைப் போடுவது என்பதில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கீழே என்ன மண், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

## முதலில் பார்க்க வேண்டியவை

மண். டெல்டா என்றால் எல்லா இடமும் ஒரே மண் அல்ல. திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பழைய டெல்டாவில் பெரும்பாலும் களி. சித்திரையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கார்த்திகையில் ஊறி உப்பும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்த நிலம் அதிகம், தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆற்றோரப் படுகைகளில் வண்டலும் மணலும். உங்கள் வாசலில் ஓரடி தோண்டி, அந்த மண்ணைப் பிசைந்து கயிறு போலத் திரித்துப் பாருங்கள். சுண்டுவிரல் கனத்துக்கு உடையாமல் நீண்டு வந்தால் களி. உதிர்ந்துவிட்டால் உங்களுக்குப் பாதிக் கவலை குறைந்தது.

மட்டம். எங்கள் தெருவில் தாத்தா காலத்தில் ஐந்து படி ஏறித்தான் திண்ணை. இப்போது இரண்டு படி. வீடு இறங்கவில்லை, சாலை ஏறிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார் என்றாலும், அதற்கு முன்பே ஏறிய உயரம் ஏறியதுதான். கொத்தனாரின் ரசமட்டக் குழாயை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துத் தெரு, வாசற்கதவு, போர்டிகோ மூன்றின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். நாற்பது அடி நீளத்துக்குப் பத்து அங்குலம் ஆகிறது. அந்தப் பத்து அங்குலம் தெருப்பக்கம் கிடைக்காத வீடுதான் இங்கே அதிகம். அப்படியானால் நீளவாக்கில் சாய்க்காமல் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் விட வேண்டும்.

தண்ணீரின் அளவு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. பத்தடி அகலம், நாற்பதடி நீளமுள்ள வாசலில் அது சுமார் 16,000 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 40,000 லிட்டருக்கு மேல். மாடிக் குழாயைக் கார்ப்பாதையின் மேல் திறந்துவிட்டிருக்கும் வீட்டில் எந்தத் தளம் போட்டாலும் பயனில்லை. முதலில் அந்தக் குழாயைத் திருப்புங்கள்.

எந்த வண்டி வரும். உங்கள் கார் மட்டும் என்று சொல்லாதீர்கள். அறுவடையில் நெல் மூட்டையோடு குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி வரும், டிராக்டர் வரும். ஒருநாள் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியும் வரலாம்.

வேறு எதற்கு வாசல். இதைப் பொறியாளர்கள் கேட்பதில்லை. வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். மார்கழியில் கோலம் எங்கே போடுவது? புழுங்கல் நெல்லை எங்கே காய வைப்பது? கல்யாணப் பந்தலுக்குக் கால் எங்கே ஊன்றுவது?

## சிமெண்ட் தளம்

நம் ஊரில் மனம் முதலில் போவது இதற்குத்தான். கூட்டிப் பெருக்கலாம், கழுவிவிடலாம், கோலம் அழகாக விழும். நெல் காய வைக்க இதற்கு இணை இல்லை. ஒரு நெல்மணிகூட இடுக்கில் போகாது. வாசலே களமாக இருக்கும் வீட்டுக்கு மற்றவை சரிப்பட்டு வராது.

ஆனால் களிமண் மேல் இது ஒரு சூதாட்டம். என் சொந்த வீட்டிலேயே ஆடித் தோற்றிருக்கிறேன். வேலை நடந்தது சித்திரையில். மண் வெடித்துக் கல்லாகக் கிடந்தது. "இதைவிடக் கெட்டியான தரை எங்கே கிடைக்கும்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். நான்கு அங்குலக் கான்கிரீட், நாற்பது அடியும் ஒரே மூச்சில், நடுவில் வெட்டு எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஓரத்து வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கி அடியிலிருந்த களி ஊறியது. கார்த்திகை தீபத்தன்று வாசற்கதவைத் திறக்கப் போனேன். கதவு தளத்தில் இடித்தது. தளம் இரண்டு அங்குலம் எழும்பியிருந்தது. பொங்கலுக்குள் ஆமை முதுகு போல வெடிப்பு. பிறர் வீட்டில் செய்ய விட்டிருக்க மாட்டேன். தன் வீடு என்றால் அவசரம் வந்துவிடுகிறது.

சரியாகச் செய்வதானால் இப்படி: களியை ஓரடி வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் (சரளை கலந்த செம்மண்) நிரப்பி, தண்ணீர் தெளித்து, அதிர்வு உருளையால் இரண்டு மூன்று அடுக்காக இறுக்க வேண்டும். அதன்மேல் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் ஐந்து அங்குலக் கான்கிரீட். பத்தடிக்குப் பத்தடி கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வார்க்கலாம். இல்லாவிட்டால் மறுநாளே இயந்திரத்தால் கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டு போடலாம். கான்கிரீட் எப்படியும் வெடிக்கும். நாம் சொன்ன கோட்டில் வெடிக்க வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்பதால், பாத்தி கட்டிப் பத்து நாளாவது நீர் தேக்கி வைக்க வேண்டும். வயலுக்குப் பாத்தி கட்டத் தெரிந்த ஊரில், வாசலில் கட்டிய பாத்தியை மட்டும் மூன்றாம் நாளே காயவிட்டுவிடுகிறார்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கரையோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். கம்பியில்லாக் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை குளோரைடு உள்ள நீரை இந்தியத் தர விதி ஏற்கிறது. கம்பி போட்டால் 500 தான். வாசல் தளத்துக்குக் கம்பி கட்டியே தீர வேண்டும் என்று அங்கே யாராவது சொன்னால், தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள். துருப்பிடித்த கம்பி தளத்தைப் பிளந்துவிடும்.

மறைமுகச் செலவு தோண்டுவதில் வரும். குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, கேமராவுக்கு மின்கம்பி என்று ஏதாவது ஒன்று பிறகு வந்தே தீரும். அதனால் வார்ப்பதற்கு முன் குறுக்கே இரண்டு இடத்தில் நான்கங்குல பி.வி.சி. குழாயை வெறுமனே புதைத்து, முனையை மூடி வையுங்கள். பந்தல் காலுக்கும் நான்கு மூலையில் குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி மூடி போட்டுவிடலாம். இந்த யோசனை என் மனைவியுடையது. எங்கள் மகள் கல்யாணத்தில் பந்தல்காரர் அதைப் பார்த்து அசந்துபோனார்.

## பேவர் பிளாக்

மண் அசையும் இடத்தில் இதுதான் புத்திசாலித்தனம். மண் உப்பினால் கல்லும் சற்றே எழும்பும், வற்றினால் இறங்கும், உடையாது. பள்ளம் விழுந்த இடத்தை மட்டும் பெயர்த்து, மணல் சேர்த்து, அதே கல்லை மீண்டும் அடுக்கலாம். தோண்ட வேண்டி வந்தாலும் அப்படியே.

மழைநீர் இடுக்குகள் வழியே பூமிக்குள் இறங்கும் என்றும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். பட்டுக்கோட்டைச் செம்மண்ணில் அது உண்மை. திருவாரூர்க் களியில் அது வெறும் பேச்சு. கார்த்திகையில் அங்கே இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். ஏற்கெனவே நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? களிமண் வாசலில் பேவரையும் சிமெண்ட் தளம் போலவே நினைத்துச் சாய்வு கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இறங்கிய நீர் அடி மணலிலேயே நின்று, சக்கரம் ஏறும்போதெல்லாம் சேற்றை இடுக்கு வழியே துப்பும். களிக்கும் கிராவலுக்கும் நடுவில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இதற்கு ஆகும் செலவைப் பார்த்து யாரும் தயங்க வேண்டாம்.

கல் 60 மி.மீ. கனம் காருக்குப் போதும். நெல் வண்டி அடிக்கடி வருமானால் 80 மி.மீ. வாங்குங்கள். தரம் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கல்லை எடை போட்டு, ஒருநாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அந்தக் கல் வேண்டாம். நான்கு கிலோ கல் 240 கிராமுக்கு மேல் குடிக்கக் கூடாது.

பேவர் வேலையில் ஏமாற்றம் நடப்பது ஓரத்தில். இரண்டு பக்கமும் கான்கிரீட்டில் பதித்த கரைக்கல் இல்லாவிட்டால், காரின் பளு கல்லை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே வருடத்தில் இடுக்குகள் வாய் பிளக்கும். விலைப்பட்டியலில் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று மட்டும் இருந்தால், கரைக்கல் அதில் உண்டா, அடிக் கிராவல் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இராது. வெறும் மண்ணின்மேல் இரண்டங்குலம் கிரஷர் பொடி (கல் உடைக்கும் ஆலையின் கல்தூள்) கொட்டி அடுக்கிவிட்டுப் போவதுதான் அந்த மலிவு விலை.

அதற்குப் பிறகு கோரை. கோரைக்கிழங்கு எதையும் துளைத்து வரும். வருடத்துக்கு இரண்டு முறை ஆள் விட்டுப் பிடுங்க வேண்டும். எறும்பு மணலை மேலே கொண்டுவரும். நிழல் விழும் பக்கம் பாசி பிடித்தால் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாசி சிமெண்ட் தளத்திலும் பிடிக்கும்தான், தேய்ப்பது அங்கே எளிது.

கோலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வாசற்படிக்கு எதிரே ஆறடிக்கு ஆறடி மட்டும் வழவழப்பில்லாத சிமெண்ட் கட்டமாக விட்டுவிட்டு, மற்றதை பேவரால் நிரப்புங்கள். வீட்டில் சண்டை இராது.

## கிராவல்

ஏழைகளின் தேர்வு என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எட்டு அங்குலம் கொட்டி ஆறு அங்குலமாக இறுக்கிய செம்மண் கிராவலின்மேல் முக்கால் அங்குல ஜல்லி தூவினால் கார் தாராளமாகப் போகும். நீர் குடிக்கும் மண்ணில் இதுவே நிரந்தரமாகவும் இருக்கலாம். களிமண்ணில் வருடா வருடம் ஐப்பசிக்கு முன் ஒரு டிராக்டர் லோடு சேர்க்க வேண்டும். செருப்போடு செம்மண் வீட்டுக்குள் வரும். நெல்லுக்கும் கோலத்துக்கும் ஆகாது. வீட்டுக்குச் சக்கர நாற்காலி வருமானால் இதை மறந்துவிடுங்கள்.

## சக்கரத் தடம்

என் மனத்துக்குப் பிடித்தது இது. ஆனால் இதை விற்க யாரும் வரமாட்டார்கள், இதில் கூலி குறைவு. கார்ச்சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும், ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலத்தில், ஐந்து அங்குலக் கான்கிரீட். நடுவில் இரண்டரை அடி ஜல்லி. பட்டை குறுகலாக இருப்பதால் வெட்டுகளை ஆறடிக்கு ஒன்றாகப் போட வேண்டும். களி அசைந்தாலும் சிறு சிறு துண்டுகள் தனித்தனியாக அசையும். கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றலாம். நடுவில் புல் வளர்க்கலாம் என்று படம் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. வயலோர வீட்டில் அந்த வேலை வேண்டாம். விரியன் படுத்திருக்கும். இரு சக்கர வண்டி ஓட்டப் பழகும் பிள்ளைகளும் இருட்டில் நடக்கும் பெரியவர்களும் இதில் தடுமாறுவார்கள். ஜல்லியைப் பட்டையின் மட்டத்துக்கே நிரப்பினால் அது குறையும்.

கருங்கல் பாளம் பற்றியும் கேட்பார்கள். கொத்திய கல் நூறு வருடம் இருக்கும், கோயில் பிராகாரமே சாட்சி. ஆனால் அசையும் மண்ணில் தூக்கிப் பிடித்து மட்டம் திருத்த நான்கு ஆள் வேண்டும். கடப்பாக் கல்லை வாசலில் போடவே போடாதீர்கள், ஈரத்தில் கண்ணாடி.

## நானூறு சதுர அடிக்கு என்ன ஆகும்

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் அளவைத் தருகிறேன். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி.

| | சிமெண்ட் தளம் (5 அங்குலம்) | பேவர் (60 மி.மீ.) | சக்கரத் தடம் | கிராவல் மட்டும் |
|---|---|---|---|---|
| சிமெண்ட் | சுமார் 38 மூட்டை | கரைக்கல் பதிக்க மட்டும் | சுமார் 19 மூட்டை | இல்லை |
| கிராவல் | 2¾ யூனிட் | 2¾ யூனிட் | 2¾ யூனிட் | 2¾ யூனிட் |
| தோண்டி மூடினால் | வடு தெரியும் | தெரியாது | ஒரு துண்டு மாற்றலாம் | தெரியாது |
| நெல் காய | மிக நன்று | இடுக்கில் போகும் | ஆகாது | ஆகாது |
| வருடப் பராமரிப்பு | பாசி தேய்த்தல் | கோரை, மணல் நிரப்பல் | ஜல்லி வாருதல் | ஒரு லோடு சேர்த்தல் |
| களியில் ஆபத்து | அதிகம் | குறைவு | நடுத்தரம் | குறைவு |

கிராவல் வரிசையைக் கவனியுங்கள். நான்கு கட்டத்திலும் ஒரே அளவு. மட்டத்தை உயர்த்த இடமில்லாமல் களியை ஓரடி வெட்டினால், கிராவல் இன்னும் கூடும். நான்கு யூனிட் களியை வெளியேற்றும் வண்டிக்கூலியும் சேரும். தென்னங்குழிக்கோ வரப்புக்கோ கேட்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், கூலி மிச்சமாகும்.

## அப்படியானால் எதை எப்போது

நான்கிலும் கிராவல் உண்டு என்பதால், எதை மேலே போடுவது என்று ஆவணியிலேயே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மழைக்கு முன் களியை வெட்டி, துணி விரித்து, கிராவலைக் கொட்டி இறுக்குங்கள். மாடிக் குழாயைத் திருப்புங்கள். ஓர வாய்க்காலை வெட்டுங்கள். அந்தக் கிராவல்மேல் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் காரை ஓட்டுங்கள். எங்கே அமுங்குகிறது, எங்கே நீர் கட்டுகிறது என்று மழையே கோடு போட்டுக் காட்டும். சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். தை அறுவடை முடிந்து, மாசியில் மண்ணில் ஈரம் மிதமாக இருக்கும்போது மேல் தளத்தைப் போடலாம். சித்திரை வெடிப்பின் மேல் போட்டு நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

அப்போது தேர்ந்தெடுப்பதும் எளிது. ஒரு மழைக்காலத்தில் அங்குலத்துக்கு மேல் எங்கும் அசையாத தரை, வாசலில் நெல் காய வைக்கும் வீடு என்றால் சிமெண்ட். ஆங்காங்கே அமுங்கியது, தெருவில் இன்னும் குழாய் வேலை பாக்கி என்றால் பேவர். கார் ஒன்று மட்டும், கையிருப்புக் குறைவு என்றால் சக்கரத் தடம். ஒரத்தநாட்டுச் செம்மண்ணில் தண்ணீர் சில மணி நேரத்திலேயே வற்றிவிட்டது என்றால், கிராவலையே வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் தென்னங்கன்று வாங்குங்கள்.

மழைக்காலத்துக்குள் வீட்டில் விசேஷம், இப்போதே முடித்தாக வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு பேவர்தான். தவறாகப் போனாலும் திருத்தலாம்.

அண்ணன் வீட்டு மண்ணைப் போன வாரம் திரித்துப் பார்த்தேன். முழ நீளத்துக்கு அறுபடாமல் வந்தது. தெரு அவர் வாசலைவிட நான்கு அங்குலம் மேலே. பக்கவாட்டுச் சாய்வும், கொல்லைக் குட்டைக்கு ஒரு வாய்க்காலும் என்று கோடு போட்டாயிற்று. கிராவல் லோடு நாளை வருகிறது. அண்ணி மட்டும், மாசி வரை கோலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். படிக்கு எதிரேயுள்ள ஆறடிக் கட்டத்தை முதலில் வார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.